பாலையா: சொன்னவரும் கேட்டவரும்

தமிழ் சினிமாவுக்கு வாய் மட்டும்தான் உண்டு என்று நம் வட்டத்தில் சொல்லிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நானும் சொல்லியிருக்கிறேன். நாடக மேடையிலிருந்து இறங்கி வந்து காமிராவின் முன் நின்று பேசியது, பேசிப் பேசியே ஆட்சியைப் பிடித்தது, இன்னும் பேசி முடிக்கவில்லை என்பது அந்த வாதத்தின் சாரம். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவன் பேசினால் எதிரே ஒருவன் கேட்டாக வேண்டும். இந்த வாய்க்கு எதிரே உட்கார்ந்து கேட்டது யார், எப்படிக் கேட்டார் என்ற கேள்வியை அந்த வாதம் எழுப்புவதில்லை. டி.எஸ். பாலையாவைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக இருந்துவரும் எண்ணத்துக்கு இந்த விடுபடல்தான் காரணம்.

குணச்சித்திர நடிகர் என்பார்கள் அவரை. விசித்திரமான சொல். எந்த நடிகனுக்குக் குணச்சித்திரம் வேண்டாம்? ஆங்கிலத்திலும் இதே கதைதான். கதாநாயகனுக்கு முகம், மற்றவர்களுக்குக் குணம் என்று இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி பாகம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பாலையாவின் கணக்கில் முகமும் குணமும் தனித்தனிப் பத்திகளில் வராது. அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் 'என்ன நடிப்பு, என்ன நடிப்பு' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பிறந்தது 1914 ஆகஸ்டில், திருநெல்வேலிச் சீமையின் சுண்டங்கோட்டையில். நாடகம் வழியாக வந்தவர். முதல் படம் எல்லிஸ் டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி', 1936. எம்.ஜி. ராமச்சந்திரனுக்கும் அதுவே முதல் படம். அதில் எம்.ஜி.ஆருக்கு ஒரு சின்ன போலீஸ் வேஷம். பாலையாவுக்கோ, இருபத்திரண்டு வயது நிறையாத பையனுக்கு, பிரதான வில்லன் வேஷம். எம்.கே. ராதா நடித்த கிருஷ்ணமூர்த்தி என்ற நல்ல குடும்பத்துக்காரனைக் குடிக்கும் கெட்ட சகவாசத்துக்கும் இழுத்துவிடும் ராமநாதன். கத்தி எடுக்கிறவன் அல்ல இந்த வில்லன், காதில் ஓதுகிறவன். அடுத்த வருஷம் அதே டங்கனின் 'அம்பிகாபதி'யில் பாகவதருக்கு எதிரி. இப்படித்தான் தொடங்குகிறது: அவர் சொல்வார், மற்றவர்கள் கேட்டுக் கெட்டுப்போவார்கள்.

இதற்குப் பிறகு கோயமுத்தூர் வருகிறது. இந்த ஊரில் சினிமாவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பருத்தியிலிருந்து என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அதற்கு முன்பே சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டி, 1914இல் வெரைட்டி ஹாலைக் கட்டி, ஜனங்களைப் பழக்கிவைத்திருந்தார். முப்பதுகளில் சிங்காநல்லூர்ப் பக்கம் திருச்சி ரோட்டில் சென்ட்ரல் ஸ்டூடியோ வந்தது. பிறகு புலியகுளம் பக்கம் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா. நாயுடுவின் 'ஆர்யமாலா'வில், 1941இல், பி.யு. சின்னப்பாவோடு பாலையாவும் இருக்கிறார். யுத்தம் முடிந்தபின் ஜுபிடர் பிக்சர்ஸ் சென்ட்ரல் ஸ்டூடியோவைத் தன் பட்டறையாக வைத்துக்கொண்டபோது அவர் அங்கே முக்கியமான ஆள். 1947இல் 'ராஜகுமாரி'. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகன் ஆன படம் அது. ஒரே படத்தில் தொடங்கிய இரண்டு பேரில் ஒருவர் பதினொரு வருஷம் காத்திருந்து நாயகனானபோது, மற்றவர் ஏற்கெனவே ஊர் அறிந்த வில்லனாக எதிரே நின்றார். வசனத்தில் கை வைத்திருந்த இளைஞர் மு. கருணாநிதி அப்போது சிங்காநல்லூரில் குடியிருந்தார். பின்னாளில் தமிழ்நாட்டை ஆண்ட இருவர் அந்தச் செட்டுக்குள் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்ததைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் அங்கே போகவில்லை.

நான் நிற்க விரும்புவது 1949இல், 'வேலைக்காரி'யில். அண்ணாதுரையின் நாடகம், ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கம், அதே சென்ட்ரல் ஸ்டூடியோ. அந்த வருஷம் பிப்ரவரியில் படம் வந்தது, செப்டம்பரில் தி.மு.க. பிறந்தது. எனவே இதை அரசியல் ஆவணமாக மட்டுமே படிப்பது எல்லோருக்கும் சௌகரியமாகிவிட்டது. ஆனந்தனாக வரும் கே.ஆர். ராமசாமி காளியின் முன் நின்று பேசுகிறார், பின்னால் கோர்ட்டிலும் பேசுகிறார். சனங்கள் அந்தப் பேச்சுக்காகவே திரும்பத் திரும்பப் பார்த்ததாகச் சொல்வார்கள். பாலையாவுக்கு அதில் மணி என்ற நண்பன் வேஷம். தகப்பனைத் தூக்குக் கயிற்றுக்குத் தள்ளிய வேதாசல முதலியாரை வெட்டிவிடத் துடிக்கும் ஆனந்தனைத் தடுத்து, ஆயுதம் வேண்டாம், மூளை போதும் என்று திருப்பிவிடுகிறவன் மணி. ஆனந்தனைப் போலவே முகச்சாயல் கொண்ட பரமானந்தன் என்ற பணக்காரனின் பிணம் கிடைக்கிறது. ஏழை ஆனந்தன் பணக்காரப் பரமானந்தனாக முதலியார் வீட்டுக்குள் மாப்பிள்ளையாக நுழைகிறான். உள்ளே போய் அந்தக் குடும்பத்தின் பெருமையைச் சிதைக்கிறான்.

யோசித்துப் பார்த்தால் மணியும் ராமநாதனும் ஒரே ஆள்தான். இருவரும் நண்பனின் காதில் ஓதுகிறவர்கள். 1936இல் அது குடும்பத்தைக் கெடுத்தது, 1949இல் நியாயம் கேட்டது. காதில் ஓதுவதற்கு வேண்டிய குரலும், கழுத்தைச் சாய்த்து அருகில் வரும் தோரணையும், பேசுவதற்கு முன் எதிரே இருப்பவன் எவ்வளவு தாங்குவான் என்று அளந்து பார்க்கும் கண்ணும் மாறவில்லை. வில்லன் வேஷத்துக்காகச் செய்துவைத்த கருவிகளை அப்படியே எடுத்து நல்லவனுக்குக் கொடுத்திருக்கிறார். அதனால்தான் அந்தப் படத்தில் எனக்கு ஆனந்தனைவிட மணியிடம் நம்பிக்கை அதிகம். ஆனந்தன் சபையைப் பார்த்துப் பேசுகிறான். மணி ஆனந்தனைப் பார்த்துப் பேசுகிறான்.

ஐம்பதுகளை வேகமாகக் கடந்துவிடலாம். தொழில் சென்னைக்கு நகர்ந்தது, கோவை ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பாலையா 'தூக்குத் தூக்கி'யில் வடநாட்டு சேட், 'மதுரை வீரன்'இல் நரசப்பன். இந்த வேஷங்களில் எல்லாம் நமக்குப் புதிதாக ஒன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம். உருட்டி விழிப்பது, சொல்லின் கடைசி எழுத்தை இழுத்து மேலே ஏற்றுவது, திடீரென்று சிரிப்பது என்று கையில் இருந்ததையே செலவு செய்திருக்கிறார். திருப்பம் 1959இல் பீம்சிங்கின் 'பாகப்பிரிவினை'யில். மனைவியின் பேச்சைக் கேட்டுத் தம்பியைப் பிரிந்து வீட்டின் நடுவே சுவர் எழுப்ப விடும் அண்ணன் வைத்தியலிங்கம். ஓதுகிற வேலை இப்போது சி.கே. சரஸ்வதிக்கும் எம்.ஆர். ராதாவுக்கும் போய்விட்டது. பாலையா முதல் முறையாகக் கேட்கிற பக்கத்தில் உட்கார்கிறார். அடுத்தவர் சொல் ஒரு மனிதனுக்குள் இறங்கி எங்கே போய்த் தங்குகிறது என்பதைக் காட்ட, இருபது வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகியவரைவிடத் தகுந்த ஆள் யார்?

இனி என் வீட்டுக்குள் போக வேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் அப்பா இந்த ஊரில் ஒரு மில்லில் ரிங் ஃபிரேம் பகுதியில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். நான் பள்ளிக்கூடம் போகும்போதே அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. அந்த இரைச்சலில் வேலை செய்தவர்கள் எல்லோருக்குமே கொஞ்சம் அப்படித்தான். மில்லுக்குள் பேச்சு கேட்காது; வாய் அசைவையும் முகத்தையும் பார்த்தே பேசிக்கொள்வார்கள், வெளியே வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. மில் மூடிய பிறகு வீட்டில் டீவி வந்தது. சத்தத்தை ஏற்றினால் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பார் என்று அப்பா குறைத்து வைத்தே பார்ப்பார். அப்படி அவர் விழுந்து விழுந்து சிரித்த ஒரு காட்சி 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்வது. எத்தனை தடவை போட்டாலும் சிரிப்பார். ஒன்றும் கேட்காமல் எப்படிச் சிரிக்கிறீர்கள் என்று ஒரு தடவை காதருகே போய்க் கேட்டேன். "அவரு மூஞ்சியப் பாத்தாப் போதும் கண்ணு, அந்தப் பொடியன் என்ன சொல்றான்னு தெரிஞ்சிரும்" என்றார்.

சினிமா விமர்சனத்தில் இதைவிடச் சரியான வாக்கியம் ஒன்றை நான் படித்ததில்லை. அப்பாவாக இருப்பதால் இப்படிச் சொல்லவில்லை.

அந்தக் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனின் மகன் செல்லப்பா 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று கம்பெனி வைத்துவிட்டுப் படம் எடுக்கப் பணம் தேடுகிறான். அப்பாவை உட்காரவைத்துப் பயங்கரக் கதை ஒன்றைச் சப்தங்களோடு சொல்கிறான். நாகேஷ் ஒரு நிமிஷம் ஓய்வதில்லை. பாலையா கிட்டத்தட்ட ஒன்றும் பேசுவதில்லை. முதலில் அசட்டை, மகன் உருப்படமாட்டான் என்ற தகப்பனின் அலுப்பு. பிறகு கொஞ்சம் கவனம். பிறகு தன்னை அறியாமல் உடம்பு ஒடுங்குகிறது, கண் அகலமாகிறது, வயசான எஸ்டேட்காரன் மறைந்து இருட்டில் பாட்டியிடம் கதை கேட்கும் ஒரு சின்னப் பையன் வந்து உட்கார்ந்துவிடுகிறான். பயம் வந்துவிட்டதே என்ற வெட்கமும் கூடவே தெரிகிறது. கதை நமக்குப் பயமாக இல்லை, அதில் பயப்பட ஒன்றுமே இல்லை. நாம் சிரிப்பது அவர் அதை நம்பிவிடுவதைப் பார்த்து. நாகேஷின் வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்த வேகத்தை அளக்க எதிரே ஒரு கல் கிடக்கிறது, அது பாலையா.

வங்கியில் என் மேஜைக்கு எதிரே தினமும் யாராவது கடனுக்காகக் கதை சொல்கிறார்கள். கேட்பது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே தெரிந்த முடிவை மனசில் வைத்துக்கொண்டு கேட்பதுபோல் இருப்பதுதான் நம் வழக்கம். பெரும்பாலான நடிகர்களும் அப்படித்தான். அடுத்த வசனம் தன்னுடையது என்பதற்காகக் காத்திருப்பார்கள், அது முகத்தில் தெரியும்.

இங்கே பிரிட்டிஷ் சினிமாவிலிருந்து ஒரு நடிகரைச் சொல்ல ஆசை. மெர்வின் ஜான்ஸ், வேல்ஸ் தேசத்தின் பெம்ப்ரோக்கில் பிறந்தவர். ஈலிங் ஸ்டூடியோ படங்களில் வரும் சிறிய, அடங்கிய மனிதர். 1951இல் வந்த 'ஸ்க்ரூஜ்' படத்தில் ஏழைக் குமாஸ்தா பாப் கிராட்சிட் அவர்தான். எங்கள் உத்தியோகத்தவர்களுக்கு அவர் மேல் தனி மரியாதை இருப்பதில் ஆச்சரியமில்லை. 1945இல் வந்த 'டெட் ஆஃப் நைட்'டில் ஒரு பண்ணை வீட்டுக்கு வரும் கட்டடக்கலை நிபுணராக அவர் உட்கார்ந்திருக்க, விருந்தினர்கள் ஒவ்வொருவராகத் தங்களுக்கு நேர்ந்த அமானுஷ்ய அனுபவத்தைச் சொல்கிறார்கள். நான்கு இயக்குநர்கள் எடுத்த துண்டுக் கதைகள் ஒரே படமாக நிற்பதற்குக் காரணம் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த முகம்தான். அங்கே கேட்கக் கேட்கப் பீதி, இங்கே கேட்கக் கேட்கச் சிரிப்பு. தொழில் ஒன்றுதான். பெரிய தேசத்தின் மொழியை அதன் ஓரத்திலிருந்து வந்து பேசுகிறவனுக்குக் காது கூர்மையாக இருக்கும் என்று ஒரு சித்தாந்தம் கட்டலாம். தென்கோடியிலிருந்து வந்த பாலையாவுக்கும் அது பொருந்தும் என்று தோன்றுகிறது. ஆனால் சித்தாந்தத்தை நான் வற்புறுத்தவில்லை.

ஸ்ரீதரின் அந்தப் படம் 1964 பிப்ரவரியில் வந்தது. பொள்ளாச்சிக்கு அப்பால் ஆழியாறு அணைப் பக்கம், மலையடிவாரத்தில் எடுத்தார்கள். சிங்காநல்லூரிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள். 'வேலைக்காரி'யிலிருந்து பதினைந்து வருஷம். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் உண்டா என்று எனக்குத் தெரியாது. வைத்துப் பார்த்தால் திடுக்கிடும். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஏழைப் பையன் அசோக், விஸ்வநாதன் மகளைக் காதலிக்கிறான். அவன் கோடீஸ்வரன் மகன் என்று முதலாளியை நம்பவைக்க, நண்பன் வாசு கிழ வேஷம் போட்டுக்கொண்டு அப்பாவாக வருகிறான். ஏழை பணக்கார வேஷத்தில் பணக்காரன் வீட்டுக்குள் மாப்பிள்ளையாக நுழைவது, கூட இருந்து உதவும் நண்பன், ஏமாறும் முதலாளி: இது 'வேலைக்காரி'யின் சூழ்ச்சியேதான். 1949இல் சூழ்ச்சியைச் சொல்லிக்கொடுத்தவர் பாலையா. 1964இல் அதில் விழுகிறவரும் பாலையா. எதிராளி கோடீஸ்வரன் என்று காதில் விழுந்த கணத்திலேயே நேற்றுவரை விரட்டியவனிடம் அவர் குழைகிறார். உடம்பு முழுக்கக் காதாகி, அந்தக் காதில் பணம் என்ற ஒரு சொல் மட்டும் விழுகிறது. மணிக்கு இந்தப் பலவீனம் தெரியும். வேதாசல முதலியாரை வீழ்த்தியது இதை வைத்துத்தான்.

இதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. 1949இன் பணக்காரன் தலை குனிய வேண்டியவன். 1964இன் பணக்காரன் நம் வீட்டுப் பெரியவர். வேலை போன அசோக் முதலாளி வீட்டின் எதிரே கூடாரம் அடித்துக் கூட்டம் சேர்த்துப் பாடுகிறான். அது ஒரு தொழிலாளர் போராட்டத்தின் கேலிச்சித்திரம். மில் வாசலில் அதே மாதிரிக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்த என் அப்பா அந்தப் பாட்டுக்குத் தலையாட்டினார். முதலாளி முகத்தைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார். பாலையா அந்த முதலாளியை இவ்வளவு மனிதனாக்காமல் இருந்திருந்தால் இந்தச் சமரசம் நடந்திராது. ஒரு நடிகனின் மேதைமை அரசியலை எப்படிக் கரைத்துவிடுகிறது என்பதற்கு இதுவும் ஒரு உதாரணம். குறை சொல்வதா பாராட்டுவதா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அப்பாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபின் அவருக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் போட்டார்கள். மெஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கதை சொல்லும் காட்சி வந்ததும் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "இந்தப் பையன் இத்தனையா பேசறான்?" என்றார். மெஷினைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு மீதியைப் பார்த்தார்.

அடுத்த வருஷம் 'திருவிளையாடல்'. ஏ.பி. நாகராஜன் எடுத்த அந்தப் படத்தில் தருமியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஹேமநாத பாகவதர். பாண்டியன் சபையில் பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் பாலையா பாடுகிறார். வித்வத் கர்வத்தின் சகல சேஷ்டைகளும் அதில் உண்டு. கச்சேரிகளில் முன்வரிசையில் உட்கார்ந்து பழக்கப்பட்டவர்கள் யாரை எல்லாம் பார்த்துச் செய்திருப்பார் என்று ஊகித்துச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் அது பாதி வேலை. மறுபாதி இரவில் நடக்கிறது. விறகு விற்க வந்தவன் ஒருவன் வெளியே உட்கார்ந்து பாடுகிறான். உள்ளே பாகவதர் கேட்கிறார். பாணபத்திரரே சீடனாக வேண்டாம் என்று தள்ளியவன் இவன் என்றால் பாணபத்திரர் எப்படிப் பாடுவார் என்ற கணக்கு அவருக்குள் ஓடுகிறது. ஊரே அடிபணிந்த வித்வான் விடிவதற்குள் மூட்டை கட்டிவிடுகிறார். புராணத்தில் இது சிவனின் லீலை. படத்திலும் சிவாஜி பல உருவமாக வாத்தியங்களோடு வந்து அமர்க்களப்படுத்துகிறார். அந்தத் தந்திரக் காட்சி இன்றைக்குப் பார்க்கப் பழசாகிவிட்டது. பழசாகாதது, தன்னைவிடப் பெரிய சங்கீதத்தை அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்குச் சங்கீதம் தெரிந்த ஒருவனின் அவமானம். பாகவதர் ஓடுவது கோழைத்தனத்தால் என்று தோன்றவில்லை. அவருக்குக் காது நன்றாக இருந்தது, அதனால் ஓடினார். எழுதுகிறவர்களுக்கு இது புரியும். நல்ல கவிதை ஒன்றைப் படித்துவிட்டுத் தன் நோட்டுப் புத்தகத்தை மூடிவைத்த இரவு நம்மில் பலருக்கு இருக்கும்.

1967இல் 'பாமா விஜயம்', 'ஊட்டி வரை உறவு' எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் விஸ்வநாதனின் முகம் திரும்பத் திரும்ப வேலைக்கு அழைக்கப்படுகிறது. தயாரிப்பாளர்களுக்கு ஒன்று பிடித்துவிட்டால் அதைத் தேய்த்துவிட்டுத்தான் விடுவார்கள்.

1968இல் 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதை, மறுபடியும் நாகராஜன். நாகஸ்வர வித்வான் சிக்கல் ஷண்முகசுந்தரமாக சிவாஜி. பக்கத்தில் தவில்காரர் முத்துராக்கு. இந்த வேஷத்தைப் பாலையாவுக்குக் கொடுத்த புத்தி எவருடையதோ, அவருக்கு நமஸ்காரம். தவில்காரன் பிழைப்பே கேட்பதில் இருக்கிறது. அடுத்த வாசிப்பு எங்கே போகும் என்று நாகஸ்வரக்காரன் மூச்சு இழுக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும், பிந்தினால் போச்சு. நிஜ வாசிப்பு வேறு கலைஞர்களுடையது. நாகஸ்வரம் மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் இருப்பவர்கள் ஒரு ஒலியின் முன் உட்கார்ந்து அதைத் தங்களுடையதாக்கிக்கொள்ள வேண்டும். சிவாஜி கன்னத்தாலும் புருவத்தாலும் கழுத்து நரம்பாலும் அதைச் செய்கிறார், பிரமாதமாகவே செய்கிறார், செய்வது நமக்குத் தெரியும்படிச் செய்கிறார். அவர் அப்படித்தான். பாலையா தவிலைப் பார்ப்பதில்லை. கை தன்பாட்டுக்குப் போகிறது, கண் பக்கத்தில் இருப்பவன் மேல். காயம்பட்ட கையோடு ஷண்முகசுந்தரம் மேடைக்கு வந்து வாசிக்க, எதிரே மோகனா ஆடிக்கொண்டே அவன் சுகத்தை விசாரிக்கும் அந்தக் காட்சியில் பத்மினிக்குப் பாட்டு இருக்கிறது, சிவாஜிக்கு நாகஸ்வரம் இருக்கிறது. முத்துராக்குவுக்கு ஒரு சொல் கிடையாது. காமிரா அவரிடம் போகும்போதெல்லாம் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை நாம் அவர் முகத்தில்தான் தெரிந்துகொள்கிறோம்.

இதற்கு நான்கு வருஷம் கழித்து, 1972 ஜூலையில், ஐம்பத்தெட்டு வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கையில் காலமானார். 'நலந்தானா' காட்சியை அப்பாவோடு சேர்ந்து ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மெஷின் மேஜை மேல்தான் இருந்தது. அவர் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, தாளம் பிசகவில்லை.